பயிற்சி இல்லாத பயணியால் விமானத்தை இறக்க முடியுமா? எக்ஸ்-பிளேன் 12 சொல்லும் பதில்

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு வரும் ஏரிஆர் 72 பயணிகள் விமானத்தில் விமானி அறையில் இரண்டு பேர் இருப்பார்கள். இரண்டு பேரும் ஒரே பயணத்தில் செயலிழந்துபோவது மிக மிக அரிது. ஆனாலும் அந்தக் கதவைப் பார்த்தபடி இருக்கும் ஆளுக்கு மனதில் வரும் கேள்வி ஒன்றுதான்: அப்படி நடந்தால் நான் இறக்குவேனா? 2023 தொடக்கத்தில் யூகவ் நிறுவனம் அமெரிக்காவில் எடுத்த கருத்துக்கணிப்பில், கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உதவி இருந்தால் இறக்கிவிடுவேன் என்று ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நம்பிக்கையோடு சொன்னார்கள். அதற்கு முந்திய வருடம் நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, விமானி இறக்குவதைக் காட்டும் நான்கு நிமிடத்துக்கும் குறைந்த வீடியோ ஒன்றைப் பார்த்தாலே அந்த நம்பிக்கை கூடுகிறது என்று காட்டியது. அந்த வீடியோவில் கற்றுக்கொள்ள ஒன்றுமே இருக்கவில்லை.

இந்த நம்பிக்கையை மலிவாகவும் ஆபத்தில்லாமலும் சோதித்துப் பார்க்க வீட்டுக் கணினிக்கு உள்ள நல்ல வழி லமினார் ரிசேர்ச் நிறுவனத்தின் எக்ஸ்-பிளேன் 12 என்ற பறப்புச் சிமுலேட்டர். ஒரு சாதாரண ஆள் எந்த இடம் வரைக்கும் தாக்குப்பிடிப்பார், எந்த இடத்தில் கைவிட்டுப்போகும் என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது. விமானம் ஓட்டப் பழக்குமா என்று கேட்டால் அது வேறு விஷயம். இந்த ஒரு கேள்விக்காக மட்டும் பார்த்தால், வாங்கவேண்டிய தேவைகூட இல்லை. நேரக் கட்டுப்பாட்டோடு வரும் இலவச மாதிரிப் பதிப்பே போதும். அதில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரைச் சுற்றிய பகுதி மட்டும் திறந்திருக்கும். அங்குள்ள பெரிய விமான நிலையத்தின் நீண்ட ஓடுபாதை 11,000 அடி. அவசரத்தில் ஒரு பயணியை எந்தக் கட்டுப்பாட்டாளரும் அனுப்ப விரும்புவது அப்படியொரு ஓடுபாதைக்குத்தான்.

கணினியைப் பற்றி முதலில் ஒரு எச்சரிக்கை. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினியில் இது திக்கித் திக்கித்தான் ஓடும். படம் அழகாக வராதது ஒரு குறையல்ல. வினாடிக்கு 20 படத்துக்குக் கீழே போனால் எக்ஸ்-பிளேன் தன் பறப்புக் கணக்குப் பிழைக்காமல் இருக்க நேரத்தையே மெதுவாக்கிவிடும். திரையில் ஒரு வினாடி என்று ஓடுவது உண்மையில் ஒன்றரை வினாடியாக இருக்கும். அப்போது யாராலும் இறக்க முடியும், அந்த வெற்றிக்குப் பெறுமதியும் இல்லை. அமைப்புப் பக்கத்தில் டேட்டா அவுட்புட் என்ற இடத்தில் படவேகத்தைத் திரையில் காட்டும்படி செய்துவிட்டு, 30 க்குக் கீழே போகாத அளவுக்கு நிழல், மேகம், கட்டடங்களின் அளவு எல்லாவற்றையும் குறையுங்கள். கண்ணாடி போன்ற படத்தைவிட ஒழுங்கான நேரம் முக்கியம். பதிவிறக்கம் பல ஜிகாபைட் வரும் என்பதால் இரவு நேர டேட்டா உள்ளவர்கள் அதற்கு விட்டுவிடலாம். பறக்கும்போது இணையம் தேவையில்லை. மைக்ரோசொஃப்டின் 2020 சிமுலேட்டர் 150 ஜிகாபைட் இடம் கேட்கும், 2024 பதிப்பு பறக்கப் பறக்க நிலத்தோற்றத்தை இணையத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். இங்குள்ள இணைப்புகளுக்கு எக்ஸ்-பிளேன் வசதியாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

ஜோய்ஸ்டிக் இல்லாமல் மௌஸால் செய்தால் சோதனை என்று சொல்ல முடியாது. லொஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி புரோ போன்ற, முறுக்கினால் சுக்கான் அசையும் சாதாரண ஜோய்ஸ்டிக் போதும். அதில் உள்ளே இருப்பது பழைய வகை மின்தடைச் சக்கரம். புழுதியும் தேய்மானமும் சேர்ந்தால் நடுப்புள்ளியில் துள்ளத் தொடங்கும், விமானம் தானே தலையாட்டும். பாவித்த பொருளாக வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும்: அளவுத்திருத்தப் பக்கத்தைத் திறந்து, கையை எடுத்துவிட்டு, கோடு அசையாமல் நிற்கிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். துள்ளினால் நடுவில் சிறிய வெற்றிடம் ஒன்று அமைத்துச் சமாளிக்கலாம், முழுதாகத் தீராது. திரஸ்ட்மாஸ்டர் ரி.16000எம் இன் முன்பின், பக்க அசைவுகள் காந்த உணரியில் ஓடுவதால் அவற்றுக்கு இந்த நோய் இல்லை. எதை வாங்கினாலும் எக்ஸ்-பிளேனின் கட்டுப்பாட்டு உணர்திறன் பக்கத்தில் நிலைப்படுத்தும் உதவியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். அது கூட்டி வைக்கப்பட்டிருந்தால் மென்பொருள்தான் பறக்கும், ஆள் அல்ல.

இனிச் சோதனை. ஒற்றை எஞ்சினுள்ள சிறிய விமானமான செஸ்னா 172 ஐத் தேர்ந்து, ஓடுபாதைக்கு 10 கடல் மைல் தூரத்தில் ஆகாயத்தில் தொடங்கும்படி வையுங்கள். 3 பாகைச் சரிவில் அந்தத் தூரத்துக்கு ஏறத்தாழ 3,000 அடி உயரம் வரும். காற்று வேண்டாம், பகல் வெளிச்சம் போதும். சோதிக்கப்படும் ஆள் உள்ளே இருக்கும் பயிற்சிப் பாடங்கள் எதையும் முன்னர் செய்திருக்கக்கூடாது. இன்னொருவர் வேறு அறையில் இருந்து தொலைபேசியில் கதைக்கவேண்டும், திரையைப் பார்க்கவே கூடாது. எக்ஸ்-பிளேனில் உள்ள கட்டுப்பாட்டாளர் குரல் வழமையான அனுமதிகளைத்தான் தரும், பயமும் பதற்றமுமாக இருப்பவரை வழிநடத்தாது. இந்தக் குறையை இந்த ஒரு தொலைபேசி அழைப்பு தீர்த்துவிடும், சோதனையும் உண்மைக்கு மிகக் கிட்ட வரும்.

தொலைபேசியில் இருப்பவர் செய்யவேண்டிய முதல் வேலை, ஆளை ஒன்றும் செய்யாமல் இருக்கவைப்பது. "அண்ணை, கையை மெல்லமாய் பிடியுங்கோ. பத்து செக்கன் ஒண்டும் செய்யாதையுங்கோ. அடிவானம் கண்ணாடியிலை நேராய் நிக்குதோ?" சரியாக ட்ரிம் செய்யப்பட்ட (கைப்பிடியில் பாரம் விழாதபடி சமன்செய்த) செஸ்னா கையை விட்டாலும் தன்பாட்டில் பறக்கும். புதியவர் தொட்டுத்தான் அதைக் குழப்புவார்: மூக்கு இறங்கியதும் இழுப்பார், அது ஏறியதும் தள்ளுவார், ஒவ்வொரு தடவையும் அளவு கூடும். இரண்டு விரலால் பிடிக்கச் சொன்னால் இந்த ஆட்டம் அடங்கிவிடும்.

அடுத்தது வேகமானி. செஸ்னா 172 எஸ் இல் அதில் வெள்ளை வளைவு (மடிப்புச் சிறகு, அதாவது இறக்கையின் பின்னோரத்தில் கீழே மடியும் பகுதி, முழுதாக இறங்கியிருக்கும்போது) 40 நொட்டிலிருந்து 85 வரை, பச்சை வளைவு (வழமையான பறப்பு) 48 இலிருந்து 129 வரை. (ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்.) இறங்கும்போது முள் 65 இலிருந்து 75 க்குள் நிற்கவேண்டும். இங்கேதான் பயணி தலைகீழாகச் செய்வார். ஓடுபாதைக்கு முன்னமே இறங்கிவிடுவோம் போல இருந்தால் அவருடைய கை மூக்கைத் தூக்கும். தூக்கினால் வேகம் விழும், வேகம் விழுந்தால் இன்னும் கெதியாகக் கீழே போகும், அவர் இன்னும் தூக்குவார். 48 நொட்டில், மடிப்புச் சிறகு இறக்கியிருந்தால் 40 இல், இறக்கை காற்றைப் பிடிக்காமல் விட்டுவிடும். மாற்றிச் சொல்லிக்கொடுக்கவேண்டிய விதி ஒன்றுதான்: வேகத்துக்கு மூக்கு, உயரத்துக்கு எஞ்சின். கீழே போனால் கறுப்புக் குமிழை உள்ளே தள்ளு, மேலே நின்றால் வெளியே இழு, மூக்கை அப்படியே வைத்திரு. கறுப்புக் குமிழுக்குப் பக்கத்தில் சிவப்புக் குமிழ் ஒன்று இருக்கும். அது எரிபொருள் கலவை. அதை இழுத்தால் எஞ்சின் நிற்கும். "கறுப்பு, கறுப்பு மட்டும்" என்று தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கும்.

எவ்வளவு வேகமாக இறங்கவேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. நிலத்தின் மேல் போகும் வேகத்தை 5 ஆல் பெருக்குங்கள்: 70 நொட் என்றால் நிமிடத்துக்கு 350 அடி. அதற்கு எஞ்சின் 1,500 இலிருந்து 1,700 சுற்றுக்குள் எங்கோ நிற்கும். ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரி. நான்கும் சிவப்பு என்றால் கீழே நிற்கிறீர்கள். புதியவருக்கு உயரமானியின் முட்களைவிட இந்த விளக்குகள் ஆயிரம் மடங்கு கெதியாக விளங்கும், எக்ஸ்-பிளேன் அவற்றை ஒழுங்காகக் காட்டும். மடிப்புச் சிறகை 110 நொட்டுக்குக் கீழே வந்ததும் முதல் படி 10 பாகைக்கு மட்டும் இறக்கினால் போதும். 11,000 அடி ஓடுபாதைக்கு முழுதாக இறக்கத் தேவையில்லை, ஒவ்வொரு படியும் மூக்கின் நிலையையும் வேகத்தையும் மாற்றி ஆளைக் குழப்பும்.

இதுவரைக்கும் உள்ள பகுதியை, அருகில் நிதானமாகக் கதைக்கும் ஒருவர் இருந்தால், பெரும்பாலான ஆட்கள் சமாளிப்பார்கள். எக்ஸ்-பிளேன் காட்டும் நல்ல செய்தி அதுதான். வரலாறும் அதற்குத் துணை நிற்கிறது. 2013 ஒக்டோபரில் இங்கிலாந்தின் ஹம்பர்சைட் விமான நிலையத்தில், முன்னர் ஒருபோதும் விமானம் ஓட்டாத 77 வயதுப் பயணி ஒருவர் செஸ்னா 172 ஒன்றை இருட்டிய பிறகு நாலாவது முயற்சியில் இறக்கினார். பயிற்றுநர்கள் வானொலியில் கூடவே இருந்தார்கள். 2022 மே 10 ஆம் திகதி புளோரிடாவில் செஸ்னா கரவன் ஒன்றின் விமானி உடல்நலம் குன்றிச் செயலிழக்க, பயணி ஒருவர் பாம் பீச் சர்வதேச விமான நிலையத்தில் இறக்கினார். வழிநடத்திய கட்டுப்பாட்டாளர் பறப்புப் பயிற்றுநரும்கூட. கரவனை அவர் ஓட்டியதில்லை, அதன் கருவிப் பலகையின் படத்தை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொண்டு கதைத்தார். இரண்டு இடத்திலும் மறுமுனையில் விமானம் ஓட்டத் தெரிந்த ஒரு குரல் இருந்தது. கரவன் இறங்கியது பெரிய விமானங்களுக்கென்றே கட்டிய ஓடுபாதையில்.

கைவிட்டுப்போகும் இடம் கடைசி 20 அடி. நிமிடத்துக்கு 350 அடி என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 6 அடி. 20 அடியிலிருந்து நிலத்துக்கு மூன்று வினாடி சொச்சம்தான். முதல் வினாடியில் எஞ்சினை முழுதாக இழுத்து மூக்கை அடிவானம் வரைக்கும் மெல்ல உயர்த்தவேண்டும். இரண்டாவதில் பார்வையை ஓடுபாதையின் கடைசி முனைக்குக் கொண்டுபோகவேண்டும். மூன்றாவதில், விமானம் தானே அமரும்வரைக்கும் இழுத்ததைத் தளர்த்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டும். பின்சக்கரங்கள் முதலில் தொடவேண்டும். புதியவர் இதில் இரண்டில் ஒன்றைச் செய்வார். நிலத்தைக் கண்டு பயந்து 30 அடியிலேயே இழுத்து, வேகம் தீர்ந்து மேலிருந்து பொத்தென்று போடுவார். அல்லது இழுக்காமல் முன்சக்கரத்தில் அடித்து, துள்ளி எழும்பியதும் மூக்கைத் தள்ளுவார். இரண்டாவதுதான் ஆபத்து. தள்ளத் தள்ளத் துள்ளல் பெரிதாகும், மூன்றாவது அடியில் முன்சக்கரம் போய்விடும். துள்ளினால் செய்யவேண்டியது மூக்கை இருந்த இடத்தில் பிடித்துவைத்து, கறுப்புக் குமிழைக் கொஞ்சம் தள்ளுவது. தொலைபேசியில் இருப்பவர் இதை விமானம் துள்ளிய பிறகு சொல்லி முடிக்க நேரம் போதாது. இரண்டு மைல் தூரத்தில் இருக்கும்போதே சொல்லிவைக்கவேண்டும்.

இந்த மூன்று வினாடியில் எக்ஸ்-பிளேனை எவ்வளவு நம்பலாம்? இங்கே அதன் மேல் முழுப்பாரத்தையும் போடக்கூடாது. உண்மையில் விமானி உயரத்தை உணர்வது பெரும்பாலும் கண்ணோரப் பார்வையால்: இரண்டு பக்கத்துப் புல்லும் விரிந்து மேலே எழும்புவது போலத் தெரியும். 24 அங்குலத் திரையில் அந்த இரண்டு பக்கமும் இல்லை. இருக்கை உடம்பை அமத்துவதும் இல்லை. அதனால் கடைசி 20 அடி மட்டும் வீட்டில் உண்மையைவிடக் கடினம். மறுபக்கத்தில், வெயிலில் சூடேறிய தார் மேல் எழும்பும் குலுக்கல் இல்லை, பக்கத்தில் மயங்கிக் கிடக்கும் மனிதர் இல்லை, கை நடுங்கவில்லை. அந்த வகையில் வீட்டில் இலகு. ஒன்று மற்றதை ஈடுசெய்கிறது என்று சொல்ல முடியாது. கணினியில் பத்தில் ஆறு தடவை உடையாமல் இறக்கினால், அந்த ஆறு உண்மையில் எத்தனை என்று கணக்குப் போடவே கூடாது.

ட்ரிம் விஷயத்திலும் மலிவான ஜோய்ஸ்டிக் பிழையான பாடம் தரும். செஸ்னாவில் வேகம் குறையக் குறைய கைப்பிடி கையை முன்னே இழுக்கும். அந்தப் பாரத்தை எடுக்க முழங்காலுக்கு மேலே, நடுவில் உள்ள சிறிய பல்லுச்சக்கரத்தைக் கீழ்நோக்கி உருட்டவேண்டும். உருட்ட உருட்டக் கைப்பாரம் கரைந்து போவது விரலில் தெரியும். மேசை ஜோய்ஸ்டிக்கில் இருப்பது ஒரே ஸ்பிரிங். எந்த வேகத்திலும் ஒரே இறுக்கம், கையை விட்டால் எப்போதும் நடுவுக்குத்தான் வரும். ட்ரிம் சக்கரத்தை மௌஸால் உருட்டிப் பழகியவர் அது எதற்கு இருக்கிறது என்பதையே விளங்கிக்கொள்ளாமல் எழும்பிப் போவார்.

நிலத்தில் தொட்ட பிறகு வரும் தவறு எல்லோருக்கும் பொது. கைப்பிடியை வாகனத்தின் ஸ்ரியறிங் போலத் திருப்புவார்கள், விமானம் திரும்பாது. நிலத்தில் திசை காலால்: மிதிபலகையின் கீழ்ப்பகுதி திருப்பும், மேல்நுனி பிரேக். முறுக்கும் ஜோய்ஸ்டிக் இருந்தால் இந்தப் பாடம் கிடைக்கும். முறுக்கு அச்சு இல்லாத ஜோய்ஸ்டிக் என்றால் எக்ஸ்-பிளேன் சுக்கானைத் தானே பார்த்துக்கொள்ளும், புதியவர் தன் தவறை ஒருபோதும் காணமாட்டார். இதனால்தான் முறுக்கு உள்ளது வேண்டும் என்று மேலே சொன்னது.

காற்றில்லாமல் தேறியவர்களுக்கு, ஓடுபாதைத் திசையிலிருந்து 30 பாகை விலகி 15 நொட் காற்றை வையுங்கள். பக்கவாட்டில் 7 நொட் சொச்சம் வரும். முழுப் பதிப்பு வைத்திருப்பவர்கள் இதைப் பலாலியிலேயே செய்யலாம். அங்குள்ள 05/23 ஓடுபாதை வடகிழக்கு-தென்மேற்காக நீண்டு கிடக்கிறது. சோளகமும் வாடையும் பெரும்பாலும் அந்த நீளத்தோடேயே வீசும், பக்கக் காற்று குறைவு. ஆனால் வடகிழக்கிலிருந்து 23 பக்கம் இறங்க வரும்போது கீழே கடல். வெறும் நீருக்கு மேலே கண்ணுக்குப் பிடிப்பு ஒன்றும் இல்லாததால், உண்மையான உயரத்தைவிடக் கூட உயரத்தில் நிற்பதாகத் தோன்றும், ஆளை அறியாமலே கீழே இறங்கிவிடுவார். திரையிலும் இது அப்படியே நடப்பதைக் காணலாம்.

இரண்டு எஞ்சினுள்ள கிங் எயார் சி90 எக்ஸ்-பிளேனில் உள்ளேயே வருகிறது. 2024 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில், விமானியான கணவர் செயலிழக்க, மனைவி இறக்கியதும் கிங் எயார் 90 வகைதான். செஸ்னாவிலிருந்து இதற்குப் போகும்போது கூடும் ஆபத்து சக்கரம். செஸ்னா 172 இன் சக்கரம் எப்போதும் வெளியே நிற்கும். இதில் ஆள்தான் இறக்கவேண்டும். 2023 ஜூலையில் அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்டில் பைப்பர் மெரிடியன் ஒன்றைப் பயணி சக்கரம் இறங்காத நிலையிலேயே நிலத்தில் போட்டார். இறக்கை உடைந்தது, பயணிக்குக் காயமில்லை. வயிற்றில் இறங்குவது பெரும்பாலும் உயிர் தப்பக்கூடிய தவறு, நல்ல உயரத்தில் வேகம் தீர்ந்து விழுவதுதான் கொல்லும். தொலைபேசியில் இருப்பவர் மறக்கக்கூடாத வரிசை இது: முதலில் வேகம், பிறகு திசை, சக்கரம் கடைசியில்.

பெரிய பயணிகள் விமானத்துக்கு வந்தால் கேள்வியே மாறிவிடுகிறது. பயிற்சி இல்லாத பயணி ஒருவர் பெரிய ஜெட் பயணிகள் விமானத்தைக் கையால் இறக்கிய பதிவு இதுவரை இல்லை. முதல் தடை கதவு. 2001 க்குப் பிறகு அது உள்ளிருந்து பூட்டப்படும். பணியாளர்களிடம் அவசரக் குறியீடு இருக்கும், உள்ளிருந்து யாரும் மறுக்காவிட்டால் குறித்த நேரம் கழித்துத் திறக்கும். 2005 ஓகஸ்ட் 14 அன்று கிரேக்கத்தில் ஹீலியோஸ் 522 விமானத்தில், விமானிகள் மயங்கிய பிறகு, விமானி உரிமம் இருந்த பணியாளர் ஒருவர் உள்ளே போனார். அதற்குள் எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது, 121 பேரும் இறந்தார்கள். இயந்திரத்தை அறிவதற்கு முன்னால் நேரம் இருக்கவேண்டும்.

உள்ளே போனவருக்கு உள்ள ஒரே நல்ல வழி தானியங்கி இறக்கம். இதைப் பார்க்க எக்ஸ்-பிளேனின் போயிங் 737-800 க்கு ஸிபோ என்ற பெயரில் வரும் இலவச மேம்படுத்திய பதிப்பைப் போடுங்கள், உள்ளமைப்பு உண்மைக்கு மிகக் கிட்ட. தானியங்கி (ஓட்டோபைலட்) ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் என்பதால் தொடக்கத்தில் செய்யவேண்டியது ஒன்றும் இல்லை. கண்ணாடிக்குக் கீழே உள்ள நீளமான பலகையில் வேகம், திசை, உயரம் என்று மூன்று எண் பெட்டிகள். கட்டுப்பாட்டாளர் சொல்லும் எண்ணைக் குமிழால் திருப்பிவைக்கவேண்டும். ஓடுபாதைக்கு வழிகாட்டும் வானொலிச் சமிக்ஞையான ஐஎல்எஸ் இன் அலைவரிசையை இரண்டு பக்க வானொலியிலும் போட்டு, ஓடுபாதைத் திசையை இரண்டு பக்கமும் அமைத்து, அந்த நேர்கோட்டை நெருங்கும்போது ஏபிபி பொத்தானை அமத்தவேண்டும். பிறகு இரண்டாவது தானியங்கியையும் சிஎம்டி பொத்தானால் சேர்க்கவேண்டும். ஒன்று மட்டும் ஓடினால் விமானம் தானாக மூக்கைத் தூக்கி அமராது, இங்கேதான் பெரும்பாலான முயற்சி கெட்டுப்போகும். மடிப்புச் சிறகு 1, 5, 15, சக்கரம் கீழே, பிறகு 30, அதற்கு 175 நொட்டுக்குக் கீழே இருக்கவேண்டும். தானியங்கி பிரேக்கை 3 இல் வைத்து, வேகத்தடுப்பு நெம்பை ஆயத்த நிலைக்கு இழுத்துவிடவேண்டும். 1,500 அடிக்குக் கீழே திரையில் ஃபிளேர் (மூக்கைத் தூக்கி அமர்வது) என்ற எழுத்து வந்தால் மூச்சு விடலாம். பெரும்பாலான 737 களில் தொட்ட பிறகு நேர்கோட்டில் ஓடவைக்கும் வசதி இல்லை, காலால்தான் பிடிக்கவேண்டும்.

இதையே கையால் செய்தால் வினாடிக்கு ஏறத்தாழ 12 அடி இறங்கும். 50, 40, 30, 20, 10 என்று இயந்திரக் குரல் எண்ணுவது ஒவ்வொன்றும் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். இரண்டு முயற்சி செய்து பார்த்தால் போதும், யூகவுக்குப் பதில் சொன்ன ஆண்களில் எத்தனை பேர் தங்கள் பதிலை மாற்றுவார்கள் என்பது விளங்கும்.

மௌஸால் அமத்தும்போது எக்ஸ்-பிளேன் மறைக்கும் ஒன்று உண்டு. உண்மையில் சக்கர நெம்பின் தலை சக்கரம் போலவும், மடிப்புச் சிறகு நெம்பின் தலை தட்டையான சிறகு போலவும் வடிவமைக்கப்பட்டிருக்கவேண்டும் என்பது விதி. கண்ணை எடுக்காமல் கையால் அடையாளம் காணலாம். கைப்பிடியில் பெருவிரலுக்குக் கிட்ட இருக்கும் சிவப்புப் பொத்தான் தானியங்கியைக் கழற்றிவிடும். கதைக்கும் சுவிட்சைத் தேடும் ஆள் முதலில் அமத்துவது அதைத்தான். 737 இல் கதைப்பது கைப்பிடியின் வெளிக்கொம்பில் உள்ள மைக் சுவிட்சால். அமத்திக்கொண்டு கதைக்கவேண்டும், விட்டால்தான் மறுபக்கம் கேட்கும்.

பலாலிக்கு வரும் ஏரிஆர் 72 க்குத் தானியங்கி இறக்கமே இல்லை. கடைசிப் பகுதியைக் கையால்தான் செய்யவேண்டும். நடுப்பலகையில் எஞ்சின் நெம்புகள், அவற்றுக்குப் பக்கத்தில் புரொபெல்லர் நிலை நெம்புகள், அடுத்து மடிப்புச் சிறகு நெம்பு. 2023 ஜனவரியில் நேபாளத்தின் பொக்காராவில் எட்டி எயார்லைன்ஸின் ஏரிஆர் 72 விழுந்து 72 பேர் இறந்ததற்கு, மடிப்புச் சிறகுக்குப் பதிலாகப் புரொபெல்லர் நெம்புகள் இரண்டையும் இழுத்தது காரணம் என்று விசாரணை கண்டது. இழுத்தது பயிற்சி பெற்ற கை. மைக்ரோசொஃப்டின் சிமுலேட்டருக்கு ஏரிஆர் 72-600 தனியாக விற்பனைக்கு உண்டு, எக்ஸ்-பிளேனோடு வருவதில்லை. இந்த ஒரு விமானத்துக்காகவே வாங்க நினைப்பவர்கள் அந்தப் பக்கம் போகலாம்.

கணினியில் பழக முடியாத, ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் செய்யவேண்டிய வேலைகள் சில. விமானி முன்னால் சரிந்து கைப்பிடியில் கிடந்தால், அவரது இருக்கையைப் பின்னே தள்ளி, தோள்பட்டியை இறுக்கிக் கட்டுங்கள். அவருடைய தலையணி ஒலிவாங்கியைப் போடுங்கள். வானொலி எந்த அலைவரிசையில் நிற்கிறதோ அதிலேயே முதலில் கூப்பிடுங்கள், கடைசியாகக் கதைத்த கட்டுப்பாட்டாளர் அங்கேதான் இருப்பார். பதில் இல்லாவிட்டால் அவசர அலைவரிசையான 121.5. ரேடாருக்கு அடையாளம் அனுப்பும் டிரான்ஸ்பொண்டரில் அவசரக் குறியீடான 7700. மேடே என்று மூன்று தடவை, விமானி மயக்கம், நான் பயணி, எனக்கு ஓட்டத் தெரியாது. இவ்வளவும் போதும், தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லலாம். இலங்கைப் பதிவு 4ஆர், இந்தியப் பதிவு விரி என்று தொடங்கும், கருவிப் பலகையில் எழுதியிருக்கும். புதிய சிறிய விமானங்கள் சிலவற்றில் நீல நிற எல்விஎல் பொத்தான் இறக்கைகளை நேராக்கிவிடும். பைப்பர் எம்600, சிரஸ் விஷன் ஜெட் போன்றவற்றில் கார்மின் ஓட்டோலாண்ட் உள்ளது. அதன் பொத்தானை அமத்தினால் ஓடுபாதையைத் தேர்ந்து இறக்கி நிறுத்துவது வரைக்கும் விமானமே செய்யும். அமெரிக்காவில் 2020 இல் அனுமதி கிடைத்தது. பயணிக்காகவே கட்டிய முதல் பதில் அது.

கையில் காசில்லாத மாணவர்களுக்கு ஃபிளைட்கியர் என்ற சிமுலேட்டர் முழுதும் இலவசம், பழைய கணினியிலும் ஓடும், செஸ்னா 172 பி தரமாக இருக்கிறது. அதில் கார்புரேட்டர் சூடாக்கும் குமிழ் தனியாக உண்டு, எஞ்சினை இழுக்க முன்னர் அதை இழுக்கவேண்டும், எக்ஸ்-பிளேனின் 172 க்கு அந்த வேலை இல்லை. எக்ஸ்-பிளேனின் முழுப் பதிப்பை டொலரில்தான் வாங்கவேண்டும், அன்றைய நாணய மாற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் வெட்டும் இடங்களில் மேசைக் கணினிக்கு யுபிஎஸ் போட்டுவிட்டு, 10 மைல் தூரத்து நிலையை ஒருமுறை சேமித்துவையுங்கள். ஒவ்வொரு ஆளும் அதே உயரத்தில், அதே வேகத்தில், அதே ட்ரிம்மில் தொடங்கினால்தான் ஒருவருடைய மூன்று வினாடியை மற்றவருடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.